வண்ணத்தின் அடியில்

நுழையும்முன்

வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்திற்கு வண்ணப்பூச்சு ஆடையைப் போன்றது. ஆடை கிழிந்தால் புதியது உடுத்தலாம். பூச்சு உரிந்தால் மீண்டும் பூசலாம். ஆனால், பூசுவதற்கு முன் அடியில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஒருவரும் எண்ணாத காலத்தில் ஓர் ஊரின் குழந்தைகள் நோயுற்ற வரலாறு உண்டு. வீட்டின் வெளிப்புற மரத்தைப் பேணும் முறையையும் அதனோடு பிணைந்த மனித நலத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வெயிலில் வாழும் மரம்

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் மரம் இருவகை வாழ்க்கை வாழ்ந்தது. உத்திரமாகவும் விட்டமாகவும் கூரைக்குள் கிடந்த மரம் நிழலில் வாழ்ந்தது. திண்ணைத் தூணாகவும் வாசல் நிலையாகவும் சன்னல் கதவாகவும் நின்ற மரம் வெயிலில் வாழ்ந்தது. இரண்டையும் ஒரே தச்சர் ஒரே அடிமரத்திலிருந்து அறுத்து எடுத்திருக்கலாம். எனினும், நூறு ஆண்டுகளுக்குப் பின் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தவை என்று சொல்ல இயலாது. உள்ளே இருந்த துண்டு நிறம் முதிர்ந்து வழவழப்பாக இருக்கும். வெளியே நின்ற துண்டு சாம்பல் நிறமாகி, மேற்பரப்பில் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, கையால் தடவினால் சிம்புகள் குத்தும்.

இவ்வேறுபாட்டிற்கு முதற்காரணம் கதிரவன். மரத்தின் நார்களைப் பசைபோலப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்னும் வேதிப்பொருள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பின் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்த பொருளை மழை கழுவிச் செல்கிறது. வெளிறிய நார்கள் மட்டும் எஞ்சுகின்றன. பின்னர் அவையும் உதிர்கின்றன. ஆயினும், இது மிக மெல்ல நிகழும் தேய்மானம். ஊசியிலை மரங்களின் மேற்பரப்பு நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவே இவ்வாறு தேயும் என்பது அறிவியலாரின் கணிப்பு. வெயில் மட்டுமே பகை என்றால் ஒரு கதவு பல தலைமுறைகளைக் கண்டுவிடும்.

விரைந்து அழிக்கும் பகை நீர். மரம் நீரை உறிஞ்சினால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இவ்வாறு மாறி மாறி நிகழ்வதால் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பில் புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதில்லை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கும்வரை அதைச் சிதைக்கும் பூஞ்சைகள் வளர்வதில்லை. நெடுநாள் ஈரம் தேங்கும் இடத்தில் அவை வேரூன்றுகின்றன. வாசல் நிலையின் கால்கள் தரையைத் தொடும் இடத்திலும், சன்னல் சட்டத்தின் கீழ்மூலையிலும், கதவின் அடிவிளிம்பிலும் மரம் முதலில் இற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. மரத்தைக் குறுக்கே அறுத்த முனையில் நார்க்குழல்கள் திறந்திருக்கும். பக்கவாட்டைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக அம்முனை நீரைக் குடிக்கும்.

முன்னோர் இதனை அறிந்தே வீடு கட்டினர். திண்ணைத் தூணை நேரே தரையில் ஊன்றாமல் கல்லாலான அடிப்பீடத்தின்மேல் நிறுத்தினர். கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டித் தாழ்வாரம் அமைத்தனர். பர்மாவிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்குத் தருவிக்கப்பட்ட தேக்கு, இயல்பிலேயே எண்ணெய்ப்பசை கொண்டு ஈரத்தையும் கறையானையும் தாங்கும் ஆற்றல் பெற்றது. நிழலும் கல்லும் நல்ல மரமும் சேர்ந்து செய்த காவலின்மேல்தான் பூச்சு என்னும் மெல்லிய காவல் அமைந்தது. தாழ்வாரம் குறுகிய இக்காலத்து வீடுகளில் அம்மெல்லிய காவல் தனியே நின்று போராட வேண்டியிருக்கிறது.

பூச்சு என்னும் போர்வை

எண்ணெய் வண்ணப்பூச்சில் இரண்டு பொருள்கள் முதன்மையானவை. ஒன்று, நிறம் தரும் நுண்பொடி. மற்றொன்று, அப்பொடியை மரத்தோடு ஒட்டவைக்கும் பிணைப்பொருள். முற்காலத்தில் பிணைப்பொருளாக ஆளிவிதை எண்ணெய் பெரிதும் பயன்பட்டது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து, நெகிழ்வுடைய படலமாக இறுகும். அப்படலம் வெயிலை மரத்தின்மேல் விழாமல் தடுக்கும், மழைநீரை உட்புகவிடாது.

நிறம் தரும் பொடியாக உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டது ஈயவெள்ளை. ஈயம் என்னும் சொல் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவது வெள்ளீயம், அது வேறு. ஈயவெள்ளை செய்யப் பயன்படுவது காரீயம், அது நஞ்சு. ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்த ஈயவெள்ளை உறுதியான படலத்தைத் தந்தது. மரத்தின் உப்பலுக்கும் சுருக்கத்திற்கும் ஏற்ப நெகிழ்ந்து கொடுத்தது. ஆகவே, வெளிப்புற மரத்திற்கு அதனினும் சிறந்தது இல்லை என்று கொத்தனாரும் தச்சரும் செல்வரும் ஒருங்கே நம்பினர்.

எந்தப் பூச்சும் என்றும் நிலைப்பதில்லை. மரத்தை அழிக்க முயன்ற வெயில், முதலில் மரத்தின்மேலுள்ள எண்ணெய்ப் படலத்தை அழிக்கிறது. பிணைத்திருந்த எண்ணெய் சிதைந்ததும், நிறப்பொடி பற்றுக்கோடின்றி மேற்பரப்பில் தங்குகிறது. பழைய கதவில் கைவைத்தால் உள்ளங்கையில் மாவுபோல ஒட்டிக்கொள்வது அப்பொடியே. கையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடும் அளவிற்கு அது எளியதாகத் தோன்றும். அந்த எளிய பொடியின் உண்மை, வெயில் மிகுந்த ஒரு தொலைதூர ஊரில் முதன்முதலில் வெளிப்பட்டது.

பிரிஸ்பேன் தந்த பாடம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் பிரிஸ்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு எழுந்த வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. தரையிலிருந்து உயர்த்திய கட்டைகளின்மேல் வீடு நிற்கும். வெப்பத்தைத் தணிக்க, வீட்டின் முன்னும் பக்கங்களிலும் அகன்ற தாழ்வாரம் அமையும். தாழ்வாரத்தைச் சுற்றி மரக் கைப்பிடி வேலி இருக்கும். நம் ஊர்த் திண்ணைபோல, அத்தாழ்வாரமே குழந்தைகள் நாள் முழுதும் விளையாடும் இடம். அவர்கள் பற்றி நிற்கவும் ஏறவும் சாயவும் ஏற்ற உயரத்தில் அவ்வேலி அமைந்திருந்தது. அதற்குப் பூசப்பட்டது ஈய வண்ணம்.

அவ்வூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு, காரணம் விளங்காத நோயுடன் சிறுவர் சிலர் வந்தனர். கடுமையான வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி, நரம்புக் கோளாறு, பார்வைக் குறை ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. இது ஈயத்தால் விளைந்த நஞ்சேற்றம் என்று ஜெஃபரிஸ் டர்னர் என்னும் மருத்துவரும் அவருடைய உடன்பணியாளர்களும் 1892ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். வண்ணம் பூசுவோருக்கும் ஈயச்சுரங்கத் தொழிலாளர்க்கும் வரும் நோய் என்று அறியப்பட்டிருந்த ஒன்று, வீட்டில் விளையாடும் குழந்தைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினா எஞ்சி நின்றது.

விடையைக் கண்டவர் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர். தாழ்வார வேலியின் வண்ணம் வெயிலில் பொடியாவதையும், அப்பொடி குழந்தைகளின் விரல்களில் ஒட்டுவதையும், விரல் சூப்பும் பழக்கமும் நகம் கடிக்கும் பழக்கமும் அதனை வாய்க்குள் கொண்டு செல்வதையும் அவர் தொடர்புபடுத்தினார். 1904ஆம் ஆண்டில் தம் முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டார். நோயின் ஊற்று தொழிற்சாலையில் இல்லை. வீட்டின் முகப்பில், பெற்றோர் பெருமையோடு வண்ணம் பூசி வைத்த மரத்தில் இருக்கிறது என்பது அவர் சொன்ன செய்தி.

அதனைச் சட்டம் ஏற்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. குழந்தைகளின் கைக்கு எட்டும் வெளிப்புற இடங்களில் ஈய வண்ணம் பூசுவதைக் குயின்ஸ்லாந்து 1922ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டான 1921இல், ஜெனிவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஈயவெள்ளை குறித்து ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை பூசுவதற்கு அது தடை கூறியது. தொழிற்கூடம், தொடர்வண்டி நிலையம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பதினெட்டு வயது நிரம்பாதோரையும் பெண்களையும் ஈயவெள்ளையைக் கையாளும் தொழில்முறைப் பணியில் அமர்த்தக் கூடாது என்றது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்க வேண்டும் என்றும், பணியிடையிலும் பணி முடிவிலும் அவர்கள் உடலைத் தூய்மை செய்துகொள்ள வசதி வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்விதிகள் இன்றும் பல பணியிடங்களை எட்டவில்லை.

நம் வாசலில் அது எங்கே?

அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் சேர்ப்பது 1978ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களின் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வண்ணத்தின் பத்து லட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது என்பது அவ்விதி.

சட்டம் புதிய வண்ணத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே பூசப்பட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஒரு பழைய வீட்டின் வாசற்கதவில் பொங்கலுக்கு ஒரு பூச்சும் திருமணத்திற்கு ஒரு பூச்சுமாகப் பல அடுக்குகள் சேர்ந்திருக்கும். மேலே பழுப்பு, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள் என்று, பெயர்ந்த மூலையில் அக்குடும்பத்தின் வரலாறே அடுக்கடுக்காகத் தெரியும். எனாமல் வண்ணங்களில் மஞ்சள், செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களைப் பளிச்சிடச் செய்தவற்றுள் ஈயக் குரோமேட்டும் ஒன்று. கண்ணால் பார்த்து ஈயம் உள்ளதா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆகவே, பழைய அடுக்கு எதுவாயினும் அதில் ஈயம் இருக்கலாம் என்று கருதியே பணியைத் தொடங்குவது அறிவுடைமை.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று மயங்கி எலும்பில் சேர்த்து வைக்கிறது. வளரும் மூளையை அது தாக்குகிறது. கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. விழுங்கிய ஈயத்தைப் பெரியோர் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிறுகுழந்தையின் உடல் ஏற்கிறது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

இதனால் அஞ்சி, பழைய கதவைப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால், அதைத் துடைத்து அதன்மேல் புதிய பூச்சு பூசுவதே போதும். பழைய அடுக்கு உள்ளே அடங்கிவிடும். தீங்கு தொடங்குவது, அது பொடியாகும்போதும் பொடியாக்கப்படும்போதும்தான். மரத்திற்கு மறுவாழ்வு தரும் அதே வேலை, செய்யும் முறை தவறினால் மனிதருக்கு நஞ்சாகிறது.

பணியின் ஒழுங்கு

மரத்திற்கு வண்ணம் பூசக் காலம் அறிதல் வேண்டும். பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுக்குவது தமிழர் வழக்கம். சுண்ணாம்பு அடிக்கும் சுவருக்கு அவ்வழக்கம் பொருந்தும். ஈரமுள்ள சுவரில் சுண்ணாம்பு நன்கு பிடிக்கும். எண்ணெய்ப் பூச்சிற்கோ ஈரம் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த மரம் மார்கழிப் பனியில் உலராது. அதன்மேல் பூசினால் உள்ளிருக்கும் நீர் வெயில் காலத்தில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். வெளிப்புற மரத்திற்கு மாசியும் பங்குனியும் ஏற்ற காலம். அப்போதும் நண்பகல் வெயில் நேரே விழும் பக்கத்தில் பூசக் கூடாது. காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமுமாக, நிழலைப் பின்தொடர்ந்து பூசுவதே முறை.

அடுத்தது ஆய்வு. கூர்மையான ஊசியாலோ திருப்புளியாலோ நிலையின் அடியையும் சட்டத்தின் மூலைகளையும் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் உள்ளே இறங்கினால் மரம் இற்றுவிட்டது என்பது பொருள். அவ்விடத்தை வெட்டி நீக்கிப் புதிய மரம் சேர்ப்பது தச்சரின் பணி. அதைச் செய்யாமல் மேலே பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதை ஒக்கும். நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்போதே கண்டறிய வேண்டும். ஒழுகும் ஓட்டையோ தேங்கும் நீரையோ சரிசெய்யாவிட்டால் அடுத்த மழையோடு வேலை வீணாகும்.

பழைய பூச்சை நீக்கும் கட்டமே முதன்மையானது. உரிந்து நிற்கும் பகுதியை நீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும். நனைந்த பூச்சு தூசியாகப் பறக்காமல் சில்லுகளாக விழும். தேய்ப்பதற்கு நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளே ஏற்றது. உலர்ந்த மரத்தை மின்கருவியால் தேய்த்தால் ஒரு மணிநேரத்தில் வேலை முடியும்; ஆனால், தூசி வீடெங்கும் பரவும். நெருப்பால் வாட்டி உரிப்பது அதனினும் கேடு. ஈயப்புகை நேரே நுரையீரலைச் சேரும். தரையில் நெகிழி விரிப்பைப் பரப்பிச் சில்லுகளைத் திரட்ட வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். திரட்டிய சில்லுகளை எரிப்பதோ தோட்டத்து மண்ணில் கொட்டுவதோ கூடாது. பணி முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தை நெருங்காதிருத்தல் நலம்.

நனைத்த மரம் நன்கு உலர்ந்த பின்னரே பூசத் தொடங்கலாம். ஆனால், வெறும் மரத்தை வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவைப்பதும் தவறு. இரண்டு வாரங்களுக்குமேல் வெயில் பட்ட மேற்பரப்பில் பூச்சின் பிடிப்புக் குறையும். சாம்பல் நிறமான மேல்தோலை நல்ல மரம் தெரியும்வரை தேய்த்து, முதலில் பிரைமர் பூச வேண்டும். அறுத்த முனைகளுக்கும் கதவின் அடிவிளிம்பிற்கும் இருமுறை பூசுதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அவ்விளிம்பைப் பலர் விட்டுவிடுகின்றனர். நீரோ அதைத் தேடிச் செல்கிறது. பின்னர் வெடிப்புகளிலும் ஆணித்துளைகளிலும் லப்பம் இட்டு, இறுகியதும் தேய்த்துச் சமன்செய்து, இரண்டு மெல்லிய பூச்சுகள் தர வேண்டும். ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் நெடுநாள் நிற்கும்.

காணப்படாத உழைப்பு

இப்பணியின் பெரும்பகுதி பார்வைக்குப் புலப்படுவதில்லை. நனைத்தலும் சுரண்டலும் தேய்த்தலும் உலர்த்தலும் பல நாள்களைக் கொள்கின்றன. வண்ணம் ஏறுவது ஒருசில மணிநேரத்தில் முடிகிறது. வீட்டிற்கு வருவோர் வியப்பது அந்த இறுதி மணிநேரத்தை மட்டுமே. ஆகவேதான், கூலி பேசும்போதும் முந்தைய நாள்கள் கணக்கில் வராமல் போகின்றன. ஒரே நாளில் முடித்துத் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, தொழிலாளி தவிர்ப்பது தன் பாதுகாப்பைத்தான். நனைத்துச் சுரண்ட நேரமில்லாதவர் உலரச் சுரண்டுகிறார். மூக்கில் கட்டிய துண்டு நுண்தூசியைத் தடுப்பதில்லை. அத்தூசி சட்டையிலும் தலைமயிரிலும் படிந்து அவரோடு வீட்டிற்குச் செல்கிறது; ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையின் கையில் ஒட்டுகிறது. பிரிஸ்பேன் குழந்தைகளின் விரலைச் சேர்ந்த அதே பொடி, இம்முறை வேறொருவர் வீட்டுக் கதவிலிருந்து பயணம் செய்து வருகிறது.

இதைத் தடுப்பதற்கு அரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு வாளி நீர், ஒரு விரிப்பு, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம், பணி முடிந்ததும் குளிக்க ஓர் இடம், மாற்றிக்கொள்ள ஓர் உடை, இவற்றோடு இன்னும் இரண்டு நாள் கூலி ஆகியவை போதும். வண்ணத்தின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு பெரிதன்று. கேட்கத் தயங்கும் தொழிலாளிக்கு இவற்றைக் கேளாமலே தருவது வீட்டுக்காரரின் கடமை. அது அவர் தம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்துகொள்ளும் காவலும் ஆகும்.

பேணப்படும் மரம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் கதவையும் சன்னலையும் ஒரு சுற்று பார்த்து, மயிரிழை வெடிப்பைக் கண்டவுடனே அடைத்துவிட்டால், முழுவதையும் சுரண்டி எடுக்கும் நிலையே நெடுங்காலம் வாராது. சுரண்டல் குறைந்தால் தூசி குறையும். இன்று சிறிது சிறிதாகப் பேணும் கை, நாளை யாரோ ஒரு தொழிலாளி சுவாசிக்க வேண்டிய நஞ்சையும் குறைத்து வைக்கிறது.